ஒன்றியத்தை விட்டு ஒரு நாடு விலகலாமா? மகளின் விவாதப் போட்டிக்கு உதவி தேவை

தெம்பனிஸ்_தாய் | வியாழன் இரவு 9.40

வணக்கம். மகள் தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு. அடுத்த வாரம் தமிழ் விவாதப் போட்டி. தலைப்பு: ‘பெரும்பான்மை மக்கள் விரும்பினால் ஒரு நாடு ஒன்றியத்தை விட்டு விலகுவதே முறை.’ சீட்டு எடுத்ததில் இவள் அணிக்கு ‘முறைதான்’ என்று பேசும் பக்கம் விழுந்திருக்கிறது.

வீட்டில் நானும் அவள் அப்பாவும் எதிர்ப்பக்கம். அதனால் மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில் உதவி ஒன்றும் நடக்கவில்லை, சண்டைதான் நடக்கிறது. சோறு ஆறிப்போகிறது.

இதுவரை அவள் எழுதியிருப்பது: 2016 ஜூன் 23, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று பிரிட்டனில் பொதுவாக்கெடுப்பு, விலக வேண்டும் என்றவர்கள் 51.9 விழுக்காடு, இருக்க வேண்டும் என்றவர்கள் 48.1. ‘மக்கள் சொல்லிவிட்டார்கள், முடிந்தது’ என்று கடைசியில் ஒரு வரி. நான்கு நிமிடம் பேச வேண்டிய பிள்ளை நாற்பது நொடியில் உட்கார்ந்துவிடுவாள் போலிருக்கிறது.

விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டாம், அதை அவளே ஒட்டிக்கொள்வாள். கேட்பவர்களுக்கு மறுநாளும் நினைவிருக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

கோப்பி_ஓ_கொசோங் | வியாழன் இரவு 10.15

அக்கா, பிள்ளைக்கு நல்ல பக்கம்தான் கிடைத்திருக்கிறது. கவலை வேண்டாம்.

முதலில் அவள் 2016இல் ஆரம்பிக்கக் கூடாது. 1973இல் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று பிரிட்டன் சேர்ந்தது ஒரு பொதுச் சந்தையில். அப்போது மொத்தம் 9 நாடுகள். 1975இல் ‘இருக்கலாமா’ என்று மக்களைக் கேட்டார்கள், 67 விழுக்காட்டினர் இருக்கலாம் என்றார்கள். நியாயம். அதற்குப் பிறகு 1992இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், சந்தை ஒன்றியம் ஆனது. உறுப்பினர் எண்ணிக்கை 28 ஆனது. லக்சம்பர்க்கில் உள்ள நீதிமன்றம் லண்டன் நீதிமன்றங்களுக்கு மேலே உட்கார்ந்தது. இது எதற்கும் பிரிட்டிஷ் மக்களை மறுபடி கேட்கவில்லை, 41 ஆண்டுகள்.

ஒரு அறையை வாடகைக்கு எடுக்கிறோம். நாளடைவில் வீட்டுக்காரர் அடுப்பு எப்போது எரியலாம், யார் வந்து தங்கலாம் என்பதையெல்லாம் சொல்ல ஆரம்பிக்கிறார். காலி செய்வது நம் உரிமையா இல்லையா?

இன்னொன்று. ஒன்றியத்தின் சட்டத்திலேயே வெளியே போக வாசல் இருக்கிறது. லிஸ்பன் ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவு. கிரீன்லாந்து அதற்கும் முன்பே மீன்பிடி உரிமைக்காக வாக்கெடுத்து 1985இல் வெளியேறிவிட்டது. வானம் இடிந்து விழவில்லை.

கடைசியாக, சிங்கப்பூர்க்காரர்கள் நாமே 1965இல் மலேசியாவை விட்டுத் தனியாக வந்தவர்கள்தானே. கெட்டா போனோம்?

ரேடியோ_ராணி | வியாழன் இரவு 10.22

வந்தோமா, அனுப்பினார்களா? அதை முதலில் முடிவு பண்ணுங்கள் தம்பி.

செம்பவாங்_தாத்தா | வெள்ளி காலை 6.05

தூக்கம் கலைந்துவிட்டது. இதைப் படித்த பிறகு மறுபடி படுக்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன். எனக்கு வயது 72.

கோப்பி தம்பி, 1965ஐ இந்த விவாதத்தில் இழுத்தால் அது உங்கள் பக்கத்தை உதைக்கும். சிங்கப்பூர் விலகுவதற்காக யாரும் ஓட்டுப் போடவில்லை. ஓட்டுப் போட்டது சேருவதற்கு. 1962 செப்டம்பர் 1. சீட்டில் மூன்று தேர்வுகள், மூன்றுமே இணைவதுதான், எந்த மாதிரி இணைவது என்பதில்தான் வேறுபாடு. ‘வேண்டாம்’ என்று ஒரு கட்டமே கிடையாது. எதிர்த்தவர்கள் வெற்றுச் சீட்டுப் போடச் சொன்னார்கள், கிட்டத்தட்ட கால்பங்குச் சீட்டு வெற்றாகவே விழுந்தது. முதல் தேர்வுக்கு 71 விழுக்காடு. என் அப்பா பிரிட்டிஷ் கப்பற்படைத் தளத்தில் ஃபிட்டர். தளத்தில் அப்போது பாதிப் பேச்சு தமிழும் மலையாளமும்தான். அந்த வெற்றுச் சீட்டு விவகாரத்தால் அவரும் பக்கத்து வீட்டு நாயரும் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

1963 செப்டம்பர் 16இல் சேர்ந்தோம். பொதுச் சந்தை வரும் என்பதுதான் பெரிய நம்பிக்கை. அது கடைசிவரை உருப்படியாக வரவில்லை. 64இல் இரண்டு முறை கலவரம். பிறகு 1965 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரேடியோவில் அறிவிப்பு. கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் 126க்குச் சுழியம். அன்று மாலை தளத்துக்கு வெளியே கோப்பிக்கடையில் பெரியவர்கள் நின்ற நிலை நினைவிருக்கிறது. யாரும் கைதட்டவில்லை. யாரும் அழவும் இல்லை. ஒருவர் மட்டும் ‘குலாய் போக இனி என்ன செய்யணும்?’ என்று கேட்டார். எங்கள் மாமா எல்லைக்கு அந்தப் பக்கம், ஜொகூரில் உள்ள குலாயில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார், அதனால் அந்தக் கேள்வி எனக்குப் பதிந்துவிட்டது.

அதற்கான விடை இரண்டு வருடம் கழித்து வந்தது. 1967இல் ஜொகூர் பாலத்தில் பாஸ்போர்ட். மலேசியாவுக்கு மட்டும் செல்லுபடியாகிற சிறு பாஸ்போர்ட் ஒன்று கொடுத்தார்கள், 1999 கடைசிவரை அது புழக்கத்தில் இருந்தது. என்னுடையது இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதே 67இல் பணமும் பிரிந்தது. ஆனாலும் 1973 வரை அவர்கள் வெள்ளியும் நம் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறும். புருணையோடு அந்த ஏற்பாடு இன்றைக்கும் உண்டு. விமான நிறுவனம் பிரிந்தது 1972இல். சிங்கப்பூருக்குள்ளேயே மலேசிய ரயில்வேயிடம் இருந்த நிலம்? அதுதான் பெரிய கூத்து.

1998இல் நம் குடிநுழைவுச் சோதனை எல்லையோர உட்லண்ட்ஸுக்குப் போய்விட்டது, அவர்களுடையது நகருக்குள் தஞ்சோங் பகார் நிலையத்திலேயே இருந்தது. நான் கோலாலம்பூர் ரயில் ஏறும்போது முதலில் தஞ்சோங் பகாரில் மலேசியாவுக்குள் ‘நுழைந்தேன்’. பிறகு அரை மணி நேரத்துக்கும் மேலாகச் சிங்கப்பூர் வழியாக ரயிலில் போய், உட்லண்ட்ஸில் இறங்கிச் சிங்கப்பூரை விட்டு ‘வெளியேறினேன்’. இடைப்பட்ட நேரத்தில் நான் எந்த நாட்டில் இருந்தேன் என்று பேரனுக்கு இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். நான் புக்கிட் தீமா பக்கம் தண்டவாளத்தோரம் நின்று பார்த்தேன். 1965க்கும் அதற்கும் இடையில் 46 வருடம்.

தண்ணீர் இன்னும் முடியவில்லை. 1962 ஒப்பந்தம் 2061 வரை. பிரியும்போது கையெழுத்தான உடன்பாட்டிலேயே அதைக் காப்பாற்றி வைத்தார்கள். ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை, ஆயிரம் கேலனுக்கு மூன்று காசு.

அம்மா, உங்கள் பெண் ‘மக்கள் சொல்லிவிட்டார்கள், முடிந்தது’ என்று எழுதியிருக்கிறாள் அல்லவா. அந்த ‘முடிந்தது’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். மற்றது அவள் பாடு.

தெம்பனிஸ்_தாய் | வெள்ளி காலை 7.30

ஐயா, எம்ஆர்டியில் நின்றுகொண்டே படித்தேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். ‘முடிந்தது’ அடிக்கப்பட்டது.

லெஸ்டர்_ரிட்டர்ன் | வெள்ளி மதியம் 12.50

அக்கா, நான் அந்த ஓட்டைப் போட்டவன். கதை இல்லை, நிஜம்.

2015 செப்டம்பரில் திருச்சியிலிருந்து லெஸ்டருக்கு முதுகலை படிக்கப் போனேன். பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கு அந்த வாக்கெடுப்பில் ஓட்டு உண்டு. ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, ஊர் போய்ச் சேர்ந்து ஒன்பதே மாதத்தில், அந்த நாட்டின் தலையெழுத்தில் எனக்கும் ஒரு பங்கு. கீழ்வீட்டில் ஒரு போலந்துக்காரர். போலந்து 2004 மே மாதம் சேர்ந்ததுமே வந்தவர். கிடங்கில் இரவு வேலை, பன்னிரண்டு வருடம் வரி கட்டியவர், மகள் அங்கே பிறந்தவள். அவருக்கு ஓட்டு இல்லை. ஐரோப்பியர்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர்களுக்கு மட்டும்தான் இருந்தது.

வாக்குச்சாவடி ஒரு சமூகக்கூடம். மேசையில் நூலில் கட்டிய பென்சில். எனக்கு முன்னால் நின்ற பாட்டி சட்டைப்பையிலிருந்து தன் சொந்தப் பேனாவை எடுத்தார். பென்சிலில் போட்டால் ராத்திரி அழித்துவிடுவார்கள் என்று ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் பென்சிலில்தான் போட்டேன், ‘இருக்க வேண்டும்’ என்று. காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கிறது: ஒன்றியத்தில் இருந்தால் எனக்குப் படிப்பு முடிந்ததும் விசா சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். இந்தியனின் விசாவுக்கும் ஒன்றியத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

நான் வார இறுதியில் பாத்திரம் கழுவிய கறிக்கடை முதலாளி வங்காளதேசத்துச் சில்ஹெட்காரர். அவர் விலகத்தான் போட்டார். ஐரோப்பாவிலிருந்து ஆள் வருவது குறைந்தால் நம் ஊரிலிருந்து சமையல்காரர்களைக் கூப்பிட இடம் கிடைக்கும் என்று பிரசாரத்தில் சொல்லியிருந்தார்கள். கணக்கு தப்பவில்லை என்றே சொல்லலாம். 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது, பெரும்பாலும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து. வந்தவர்கள் நர்ஸ், மாணவர், முதியோரைப் பார்த்துக்கொள்பவர். தந்தூரி அடுப்பில் நிற்க ஆள் வரவில்லை. 2024 ஏப்ரலில் வேலை விசாவுக்குப் பொதுச் சம்பள வரம்பை ஆண்டுக்கு 38,700 பவுண்ட் ஆக்கினார்கள். அந்தக் கடையில் முதலாளியே அவ்வளவு எடுத்திருப்பாரா என்று சந்தேகம்.

ஆக நானும் அவரும் எதிரெதிராக ஓட்டுப் போட்டோம். இரண்டு பேருமே தவறான காரணத்துக்காக.

கோப்பி_ஓ_கொசோங் | வெள்ளி மதியம் 1.20

அண்ணே, உங்களுக்கும் கறிக்கடைக்காரருக்கும் விவரம் தெரியவில்லை என்பதற்காக 17.4 மில்லியன் பேரின் தீர்ப்பு தவறாகிவிடுமா? பொதுத்தேர்தலிலும்தான் பாதிப்பேர் தவறான காரணத்துக்காகப் போடுகிறார்கள். அதற்காகத் தேர்தல் வேண்டாம் என்கிறோமா?

விலகல் பிரசாரத்தின் சிவப்புப் பேருந்தில் வாரத்துக்கு 350 மில்லியன் பவுண்ட் ஒன்றியத்துக்குப் போகிறது என்று எழுதியதை நான் நியாயப்படுத்த மாட்டேன். பிரதமர் தாட்சர் 1984இல் ஒன்றியத்திடம் வாங்கிய தள்ளுபடியைக் கழிக்காமல் போட்ட எண் அது. புள்ளிவிவர ஆணையமே அது தவறாக எண்ண வைக்கிறது என்று சொன்னது. ஆனால் எதிர்ப்பக்கம் என்ன செய்தது? ‘விலகினால் உடனே பொருளாதாரச் சரிவு’ என்று நிதியமைச்சே பயமுறுத்தியது. அந்த ஆண்டு அப்படி ஒரு சரிவு வரவில்லை. இரண்டு பக்கமும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு அதிகம்தான்.

லெஸ்டர்_ரிட்டர்ன் | வெள்ளி மதியம் 1.48

தேர்தலில் தவறினால் ஐந்து வருடத்தில் மாற்றலாம் தம்பி. அது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு.

சீட்டில் இருந்த கேள்வி ஒரே வரி: ஒன்றியத்தில் இருக்க வேண்டுமா, விலக வேண்டுமா. விலகிய பிறகு? நார்வே மாதிரி ஒற்றைச் சந்தைக்குள் இருந்துகொண்டா, துருக்கி மாதிரி சுங்க ஏற்பாடு மட்டும் வைத்துக்கொண்டா, ஒன்றுமே இல்லாமலா? அதைக் கேட்கவில்லை. விளைவு என்ன? 2019 ஜனவரி 15 அன்று பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் 432க்கு 202 என்று தோற்றது. மார்ச் 27ஆம் தேதி நாடாளுமன்றம் எட்டு மாற்று வழிகளை வாக்குக்கு விட்டது. எட்டுக்கும் பெரும்பான்மை இல்லை! ‘விலகு’ என்ற சொல்லுக்குப் பெரும்பான்மை இருந்தது, விலகும் எந்த வழிக்கும் இல்லை.

பெரும்பான்மை என்று தலைப்பிலேயே இருப்பதால் எதிரணி நிச்சயம் இதையும் கேட்கும்: யாருடைய பெரும்பான்மை? ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர், வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினர் இருக்கவே கேட்டார்கள். ஜிப்ரால்டரில் 96. பிள்ளைக்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

ரேடியோ_ராணி | வெள்ளி மாலை 5.10

அந்த 2016 ஜூன் 24 வெள்ளிக்கிழமை எனக்கு நல்ல நினைவு. அங்கே நள்ளிரவு, இங்கே அலுவலக நேரம். காலை ஏழே காலுக்குச் சண்டர்லண்ட் நகரில் விலகல் பக்கம் ஜெயித்த முடிவு வந்ததுமே எங்கள் தளத்தில் சத்தம் அடங்கிவிட்டது. பதினொன்றே முக்காலுக்குள் விலகல்தான் என்று பிபிசி சொல்லிவிட்டது. ஏறத்தாழ இரண்டு வெள்ளியாக இருந்த பவுண்ட் 1.85 பக்கம் இறங்கியது. மகனுக்கு லண்டனில் கட்டணம் கட்ட வேண்டிய என் தோழி பவுண்ட் வாங்க ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடில் உள்ள நாணய மாற்றுக் கடைக்கு ஓடினாள். ‘ஒரு நாட்டுக்கே தலைவலி, எனக்கு மட்டும் தள்ளுபடி’ என்று வாய்விட்டுச் சிரித்தவள், மறுநாள் அவனுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று அழுதாள்.

கன்டெய்னர்காரன் | வெள்ளி இரவு 11.55

வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். நான் சரக்கு அனுப்பும் தொழிலில் இருப்பவன். இறையாண்மை, நீதிமன்றம் எல்லாம் பெரியவர்கள் பேசுங்கள். நான் ஒரு ஊறுகாய்ப் பாட்டிலைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், பெயர் வேண்டாம், இங்கே சம்பால், ஊறுகாய், மசாலா விழுது செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார். 2020 வரை வேலை சுலபம். ஒரு நாற்பது அடி கன்டெய்னர், பாசிர் பாஞ்சாங்கிலிருந்து பிரிட்டனின் பீலிக்ஸ்டோ துறைமுகம். அங்கே ஒரே ஒரு சுங்க அறிவிப்பு. பிறகு பாதி லண்டன் கடைகளுக்கு, பாதி லாரியில் டப்ளினுக்கும் ராட்டர்டாமுக்கும். உள்ளே நுழைந்துவிட்டால் 28 நாடும் ஒரே கடைத்தெரு.

பிரிட்டன் அதிகாரபூர்வமாக வெளியேறியது 2020 ஜனவரி 31. ஆனால் எங்களுக்கு வெளியேறியது டிசம்பர் 31. இடைக்காலம் அதுவரை. அவர்களுக்கும் ஒன்றியத்துக்குமான வர்த்தக ஒப்பந்தம் முடிவானது டிசம்பர் 24. ஏழே நாள்! அதில் கிறிஸ்மஸ் வேறு. சிங்கப்பூர் ஓரளவு முந்திக்கொண்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பிரிட்டனோடு தனி ஒப்பந்தம் டிசம்பர் 10ஆம் தேதியே கையெழுத்தாகிவிட்டது, ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2019 நவம்பரிலிருந்தே இருந்தது. இரண்டு ஒப்பந்தமும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. அதனால் எல்லாரும் ‘நமக்கொன்றும் இல்லை’ என்று இருந்தோம்.

இருந்தது. பிரிட்டனுக்குள் வரியில்லாமல் இறங்கிய சிங்கப்பூர் ஊறுகாய், அங்கிருந்து டப்ளினுக்குப் போனால் அது சலுகை இழந்த ஊறுகாய். சிங்கப்பூரிலிருந்து நேராக வந்ததாக ஒன்றியம் ஏற்காது. பிரிட்டனில் செய்ததும் இல்லை. இரண்டு ஒப்பந்தத்துக்கும் நடுவில் விழுந்துவிட்டது. வரி கட்டு. அப்புறம் லேபிள். ஒன்றியத்துக்குள் விற்கும் உணவில் ஒன்றியத்துக்குள் இருக்கும் இறக்குமதியாளர் முகவரி வேண்டும். பாட்டிலில் இருந்தது லண்டன் முகவரி.

அந்த ஆண்டுக் கடைசி வாரத்தில் கிடங்கில் ஒன்பது பேர் உட்கார்ந்து, பாட்டில் பாட்டிலாகப் புது முகவரியை ஒட்டினோம். முதலாளியின் அம்மாவும் வந்து ஒட்டினார். எண்ணெய் கசிந்த பாட்டிலில் ஸ்டிக்கர் நிற்காது, துணியால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். மூன்றாவது நாள் என் விரல் நுனியில் எலுமிச்சை ஊறுகாய் வாசம் ஏறி, பிரியாணியே அந்த வாசத்தில்தான் சாப்பிட்டேன். ஒரு கன்டெய்னர் இரண்டாக ஆனது, இரண்டும் அரைகுறை. பெட்டி நிரம்பாத சரக்குக்குக் கூலி எப்படி ஏறும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு வருடத்தில் டப்ளின் கடைக்காரர் வாங்குவதை நிறுத்திவிட்டார்.

பிரிட்டனின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம், ஒன்றியத்தில் இருந்திருந்தால் இருக்கக்கூடியதைவிட நாட்டின் உற்பத்தித் திறன் நீண்டகாலத்தில் 4 விழுக்காடு குறையும் என்று கணிக்கிறது. அந்த 4 எங்கே ஒளிந்திருக்கிறது என்று என்னைக் கேட்டால், இந்த மாதிரிப் பாட்டில்களின் முதுகில்.

கன்டெய்னர்காரன் | சனி காலை 12.10

ஒன்று விட்டுப்போனது. டப்ளின் என்றதும் நினைவு வந்தது. அயர்லாந்துத் தீவில் எல்லை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். 1998 சமாதான உடன்பாட்டுக்குப் பிறகு அங்கே சோதனைச்சாவடி கிடையாது, மறுபடி போடவும் யாருக்கும் மனசு இல்லை. ஆனால் எல்லையின் ஒரு பக்கம் ஒன்றியம், மறுபக்கம் பிரிட்டன். எங்கேயாவது சரக்கைச் சோதித்துத்தானே ஆகவேண்டும்? கடலில் வைத்தார்கள். அதாவது பிரிட்டனிலிருந்து பிரிட்டனின் இன்னொரு பகுதிக்குப் போகும் சரக்குக்குத் தாள் வேலை. 2021இல் சாஸேஜ் அனுப்ப முடியுமா முடியாதா என்று இரண்டு தரப்பும் சண்டை போட்டன. 2023இல் வின்ட்சர் ஏற்பாடு வந்து கொஞ்சம் தளர்ந்தது. அதிலும் என்ன வந்தது தெரியுமா? ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல’ என்று பொட்டலத்தில் ஒரு லேபிள். மறுபடி லேபிள்!

மட்டுறுத்துநர் | சனி காலை 9.00

இழையில் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. உள்ளூர்க் கட்சிகளைப் பற்றிப் பேச வேறு இழை இருக்கிறது. ‘நாமும் ஆசியானை விட்டு விலகலாமே’ என்று கேட்டவருக்கு யாராவது சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு மேலே போகவும்.

ரேடியோ_ராணி | சனி காலை 9.25

சுருக்கமாக: விலகுவதற்கு அதில் என்ன இருக்கிறது? 1967இல் பேங்காக்கில் தொடங்கியபோது நாம் ஐந்து நாடுகளில் ஒன்று. நமக்குச் சட்டம் போடும் நாடாளுமன்றம் அங்கே இல்லை, மேலே உட்காரும் நீதிமன்றம் இல்லை, பொது நாணயம் இல்லை. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும். ஜகார்த்தா செயலகத்துக்கு லாவோஸும் நாமும் ஒரே அளவு சந்தா கட்டுகிறோம். கட்டிப்போட்டால்தானே அவிழ்க்க முடியும்?

அது போகட்டும். விலகினால் லண்டன் ‘தேம்ஸ் நதிக்கரைச் சிங்கப்பூர்’ ஆகிவிடும் என்று அங்கே சிலர் கனவு கண்டார்களே, அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே!

கோப்பி_ஓ_கொசோங் | சனி காலை 10.40

அது எனக்கே சிரிப்புதான் அக்கா. குறைந்த வரி, குறைந்த கட்டுப்பாடு என்று அவர்கள் நம்மைப் பற்றி நினைத்துக்கொண்டது. இங்கே நிலத்தில் பெரும்பகுதி அரசாங்கத்துடையது. ஐந்தில் கிட்டத்தட்ட நாலு பேர் அரசாங்கம் கட்டிய வீவக வீட்டில். சம்பளத்தில் மத்திய சேமநிதி கையில் வருவதற்கு முன்பே போய்விடுகிறது. கார் வாங்க உரிமைச் சான்றிதழ், அதன் விலையைச் சொன்னால் அங்கே யாரும் நம்ப மாட்டார்கள். இதையெல்லாம் தேம்ஸ் கரையில் கொண்டுபோய் வைத்தால் முதல் வாரத்திலேயே இன்னொரு வாக்கெடுப்பு நடக்கும்.

விலக வேண்டும் என்று முழங்கிய பிரிட்டிஷ் தொழிலதிபர் டைசன் 2019 ஜனவரியில் தன் நிறுவனத் தலைமையகத்தை இங்கே மாற்றுவதாக அறிவித்ததுதான் உச்சம். பிரெக்சிட், அதாவது பிரிட்டனின் விலகல், காரணமில்லை என்றுதான் நிறுவனம் சொன்னது. சரி, நம்புவோம்.

ஆனாலும் என் நிலை மாறவில்லை. கன்டெய்னர் அண்ணனின் பாட்டிலும் தாத்தாவின் ரயிலும் விலகுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று காட்டுகின்றன. விலகக் கூடாது என்று காட்டவில்லை. செலவாகும் என்பதற்காக உரிமை இல்லாமல் போகுமா?

செம்பவாங்_தாத்தா | சனி மாலை 4.30

நல்ல கேள்வி தம்பி. உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவே இல்லை. செலவுச் சீட்டை முதலில் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கு என்கிறேன்.

இன்னொரு விலகலும் நான் பார்த்திருக்கிறேன். 1968 ஜனவரியில் பிரிட்டிஷார் தங்கள் படைத்தளங்களை 1971க்குள் காலி செய்யப்போவதாக அறிவித்தார்கள். நம் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. எங்கள் அப்பாவை யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கப்பல் பட்டறையைப் பெயருக்கு ஒரு வெள்ளி விலையில் சிங்கப்பூருக்குக் கொடுத்தார்கள். அப்பா அதே பட்டறையில், அதே சாவிகளோடு, புது முதலாளியிடம் வேலைக்குப் போனார். ‘வெள்ளைக்காரன் ஐரோப்பா பக்கம் திரும்பிட்டான்’ என்று தளத்தில் ஒரு பேச்சு. உண்மையிலேயே 73இல் போய்ச் சேர்ந்தான். நியூசிலாந்துக்காரன் தன் வெண்ணெயை யாரிடம் விற்பது என்று தவித்தான். அவனுக்காகத் தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

ஐம்பது வருடம் போய்ப் பார்த்தால், அதே பிரிட்டன் 2024 டிசம்பரில் நாம் இருக்கும் பசிபிக் வர்த்தகக் கூட்டணியில் வந்து சேருகிறது. 2025 மே மாதம் ஐரோப்பாவோடு உட்கார்ந்து மீன்பிடிக்க 2038 வரை அனுமதி கொடுக்கிறது. நாம் மட்டும் என்ன? ஜொகூரோடு சேர்ந்து சிறப்புப் பொருளியல் மண்டலம், 2025 ஜனவரியில் கையெழுத்து. உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கு ஆர்டிஎஸ் ரயில் வேறு. அதில் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஏறும் இடத்திலேயே, ஒரே கூரைக்குக் கீழ். தஞ்சோங் பகார் கூத்தைப் பார்த்தவனுக்கு இது பெரிய சமாதானம்.

தெம்பனிஸ்_தாய் | வியாழன் இரவு 8.15

போட்டி இன்று முடிந்தது. முதலில் எல்லாருக்கும் நன்றி.

அவள் உரிமையில் தொடங்கி, 50ஆவது பிரிவு, கிரீன்லாந்து என்று போனாளாம். எதிரணிப் பையன் எதிர்பார்த்தபடியே ஸ்காட்லாந்தைக் கேட்டான். ‘ஓட்டு எண்ணப்பட்டது நாடு முழுக்க ஒரே எண்ணிக்கையாக, அந்த விதியைத் தெரிந்துகொண்டுதான் எல்லாரும் வாக்களித்தார்கள்’ என்று இவள் சொல்லியிருக்கிறாள். அது கோப்பி தம்பி தனிச்செய்தியில் எழுதிக்கொடுத்த வரி என்று எனக்குத் தெரியும். அப்புறம் தண்ணீர் ஒப்பந்தம் வந்த இடத்தில் பதற்றத்தில் 2061க்குப் பதில் 2016 என்று சொல்லிவிட்டாள். கூடமே சிரித்துவிட்டது. இரண்டு மதிப்பெண்ணில் தோல்வி.

ஐயா, அந்தச் சிறு பாஸ்போர்ட்டை ஒரு நாள் பார்க்கலாமா என்று கேட்கிறாள்.

செம்பவாங்_தாத்தா | வியாழன் இரவு 8.40

தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வரும்போது கண்ணாடியும் கொண்டுவரச் சொல்லுங்கள், முத்திரைகள் மங்கிவிட்டன.

கன்டெய்னர்காரன் | வியாழன் இரவு 11.30

ஊறுகாயைச் சொன்னாளா?

தெம்பனிஸ்_தாய் | வியாழன் இரவு 11.34

அவள் பக்கத்துக்கு அது ஆகாதே அண்ணே! ஆனால் எதிரணி சொல்லிவிட்டது. இந்த இழையை அவர்களும் படித்திருக்கிறார்கள். முடிந்ததும் நடுவர் ஒருவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, அது எந்தக் கடை ஊறுகாய், தேக்காவில் கிடைக்குமா என்று கேட்டாராம்.